கல்லில் பூசிய சிவப்பு

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு கையொப்பம் வைக்கவும் பஸ்ஸில் ஊர்ப் பெயர் வாசிக்கவும் மட்டும்தான் எழுத்து தேவைப்பட்டது. எந்த இடத்தில் சின்ன ர வரும், எந்த இடத்தில் பெரிய ற வரும் என்பது இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. வரிகளும் நேராகப் போகவில்லை, போகப் போக மேலே ஏறுகின்றன. திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

வாயால் சொல்லலாமே என்று கேட்பீர்கள். நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைத்துப்போகும். மிதிவெடி எடுக்கிறவர்கள் எங்கள் வீட்டு வளவுக்கு வந்து நடந்ததைச் சொல்லச் சொன்னபோதும் என் மனைவிதான் சொன்னாள். நான் வேலிக் கதியால் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சொன்னதில் பாதி விட்டுப்போயிற்று. அந்தப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் செட்டிகுளத்திலிருந்து உள்ளே போகவேண்டும். வயல், குளம், அதற்குப் பிறகு காடு. எங்கள் வளவின் பின்வேலியைத் தாண்டினால் ஒற்றையடிப் பாதை ஒன்று போகும். அது போய் ஏறுகிற இடம் பெரிய மொட்டைப் பாறை. பாறைக்கு அப்பால் பாலை மரங்கள்.

எங்கள் ஊரில் கல்லுக்கு ஒரே பெயர்தான், கருங்கல். வெளிறிப்போய் இருந்தாலும் கருங்கல், கறுப்பாய் இருந்தாலும் கருங்கல். கிணறு வெட்டும்போது குறுக்கே வந்தால் மட்டும் அதற்குச் சனியன் என்று பெயர். அதற்கு மேல் கல்லைப் பற்றி யாரும் யோசித்ததில்லை.

ஆனால் கல்லின் மேல் நிறம் பூசியிருந்தால் அது வேறு கதை. சண்டை முடிந்து நாங்கள் திரும்பி வந்து குடியேறிய காலத்தில் மிதிவெடி எடுக்கிறவர்கள் எல்லைக்குத் தடிகள் நட்டு, தடியின் தலைக்குச் சிவப்பு அடித்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் தடிகளைக் கறையான் தின்றது. பிறகு அங்கங்கே கிடந்த கல்லிலேயே நிறம் பூசினார்கள். வெள்ளை தெரிந்தால் கால் வைக்கலாம். சிவப்புத் தெரிந்தால் நின்ற இடத்தில் நிற்கவேண்டும், வந்த அடியிலேயே திரும்பவேண்டும். மரத்தடியில் கூட்டம் வைத்து, படம் காட்டி, சின்னப் பிள்ளைகளிலிருந்து காட்டுக்கு மாடு சாய்க்கிறவர்கள் வரைக்கும் இதைத்தான் சொல்லித் தந்தார்கள். அ, ஆ தெரியாதவர்களுக்கும் எங்கள் ஊரில் சிவப்புத் தெரியும்.

பிறகு வேலை முடிந்தது என்று சொல்லி, நிறம் பூசிய கற்களைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள். என் காது அதை நம்பியது. கால் நம்பவில்லை. ஏனென்றால் அதற்குப் பிறகும் எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த ஒருவர் விறகுக்குப் போன இடத்தில் காலை இழந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் நானும் ஒருவன். அவர் வழி முழுக்க, "என்ர செருப்பு எங்க, என்ர செருப்பு எங்க" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அன்றிலிருந்து நான் தடம் விட்டு நடப்பதில்லை. ஆடு பற்றைக்குள் ஓடினால் அது திரும்பி வரும்வரை பாதையில் நின்று கூப்பிடுவேன். பாதையிலும் முன்னால் போனவரின் அடி தெரிந்தால் அந்த அடியிலேயே என் காலை வைப்பேன். என் மனைவி அப்படி இல்லை. விறகுக்கும் தேனுக்கும் பாலைப்பழத்துக்கும் எங்கேயும் போவாள். "இந்த மனிசன் மாட்டு வண்டில் மாதிரி. தடத்தில விட்டாத்தான் ஓடும்" என்று ஆட்களுக்கு முன்னால் சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே அவள் திரும்பி வரும்வரை பின்வேலியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பாலைப்பழக் காலத்தில் ஒரு நாள், மத்தியானம் ஆகியும் அவள் வரவில்லை. வேலியைத் தாண்டிப் பாதையில் போனேன். பாறை ஏறுகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், பாதையோரக் கல்லொன்றில் சிவப்புப் பூசியிருந்தது.

பழைய சிவப்பு இல்லை. வெயிலில் மினுங்கியது. பெயின்ற் மணத்தது.

நான் நின்றேன். நின்ற காலை மாற்றி வைக்கவும் பயம். தலையை மட்டும் தூக்கிப் பார்த்தேன். பாதைக்கு அந்தப் பக்கம் இன்னொரு கல்லிலும் சிவப்பு. அதற்கும் அப்பால் பாறையின் மேல் என் மனைவி பழப் பையோடு வந்துகொண்டிருந்தாள்.

"நில்லப்பா!" என்று கத்தினேன். "அசையாதை! காலை எடுக்காதை!"

அவள் நின்றாள். "என்ன? பாம்பே?"

"சிவப்பு!"

அந்தச் சொல் போதும். அவளுடைய முகம் அவ்வளவு தூரத்திலும் மாறியது எனக்குத் தெரிந்தது. "வரேக்க இருக்கேல்லையே" என்றாள். "நான் விடிய இதாலதானே வந்தனான்."

"இப்ப இருக்கு. நில்."

அவளுடைய ரெலிபோன் வீட்டில் கிடந்தது. என்னுடையதில் சார்ஜ் இல்லை. திரும்பிப் போய் ஆட்களைக் கூட்டி வரலாம். ஆனால் நான் முதுகைத் திருப்பினால் அவள் பொறுமை கெட்டு நடந்துவிடுவாள் என்று பயந்தேன். அவளிடம் போகவும் என்னால் முடியவில்லை. இடையில் கிடந்தது சின்னத் தூரம்தான். காலைத் தூக்கினேன், அது திரும்பவும் அதே இடத்தில் வந்து இறங்கியது. மனைவி வெயிலில் நிற்க, நான் நிழலில் நின்றேன். பாறை சுட்டிருக்க வேண்டும், அவள் கால் மாற்றி மாற்றி நின்றாள். அப்படி அவள் கால் மாற்றுவதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு நின்று திரும்ப ஓடியது.

அப்போதுதான் பாறைக்கு அப்பால் பாலை மரங்களுக்குள் இருந்து ஒரு சத்தம் கேட்டது. டங். டங். இரும்பால் எதையோ அடிக்கிற சத்தம்.

"தட்டாதேங்கோ!" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிதாக நான் கத்தியதில்லை.

சத்தம் நின்றது. மரங்களுக்குள்ளிருந்து தொப்பி போட்ட ஒரு பெண்பிள்ளையும் நரைத்த தாடிக்காரர் ஒருவரும் வந்தார்கள். பெண்பிள்ளையின் கையில் சின்னச் சுத்தியல். தாடிக்காரரின் ஒரு கையில் கல் நிரம்பிய பை, மற்றக் கையில் சிவப்புப் பெயின்ற் ரின்.

"என்ன தம்பி, ஏன் சத்தம் போடுறீங்க?" என்றார் தாடிக்காரர்.

நான் கல்லைக் காட்டினேன். அவர் கல்லைப் பார்த்தார், தன் கையில் இருந்த ரின்னைப் பார்த்தார். "இதுவா? இது நாங்க பூசினது. மிஸ் கல் ஆராய்ச்சிக்கு வந்திருக்காங்க. ஒவ்வொரு கல்லிலயும் துண்டு உடைச்சு எடுத்துட்டு, இடம் தெரியிறதுக்கு நம்பர் எழுதி வைக்கிறம்." சொல்லிக்கொண்டே அவர் இடையில் கிடந்த பற்றைக்குள்ளால் நடந்து நேராக என்னிடம் வந்தார். சிவப்பின் கீழே ஒரு நம்பர் இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து அது தெரியவில்லை.

என் மனைவி பாறையில் அப்படியே குந்திவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். "நல்ல மனிசன் எனக்கு வாய்ச்சிருக்கு. ஒரு சொட்டுப் பெயின்ற்றுக்கு என்னை வெயில்ல காய வைச்சிட்டார். கொஞ்சம் விட்டா அப்பளமாகியிருப்பன்."

தாடிக்காரர் வவுனியாவில் வான் ஓடுகிறவர். மிஸ்ஸைக் கூட்டிக்கொண்டு திரிவதும் கல் சுமப்பதும் அவர்தான். முஸ்லிம் ஆள், அதனால் அண்ணா என்பதற்குப் பதில் நானா என்று கூப்பிட்டேன். மிஸ் தன் தேத்தண்ணிப் போத்தலை என் மனைவியிடம் கொடுத்து, எங்கள் பக்கத்தில் குந்தி, நாங்கள் பயந்ததற்குப் பரிகாரம் போல, தன் வேலையைச் சொல்லித் தந்தா. இளம் பிள்ளை. ஆனாலும் தந்தாள் என்றில்லாமல் தந்தா என்று மரியாதையாகத்தான் எனக்கு எழுத வருகிறது.

நாங்கள் இருந்த பாறையிலிருந்து ஒரு துண்டு உடைத்துக் காட்டினா. மேலே கறுத்துப் பாசி பிடித்த கல், உடைத்த முகத்தில் இளஞ்சிவப்பாய், கற்கண்டு கொட்டினதுபோல் இருந்தது.

"கல்லின்ர வெளித்தோலை நம்பேலாது அண்ணா. உடைச்ச முகத்தைத்தான் பார்க்கவேணும்" என்றா. "முதல்ல, இது தீயில பிறந்த கல்லோ எண்டு பார்ப்பம். நிலத்துக்குக் கீழ குழம்பாய்க் கொதிச்சுக் கிடந்து இறுகின கல்லெண்டால் மணிகள் எந்த ஒழுங்கும் இல்லாமல் கலைஞ்சு கிடக்கும். வரி வரியாய்ப் படுத்திருந்தால், அது பிறகு நசிபட்டுச் சூட்டில மாறின கல். அடுத்தது மணியின்ர அளவு. ஆழத்தில ஆறுதலா ஆறினால் மணி பெரிசா வளரும். கெதியா ஆறினால் மணி பொடியாய்ப் போகும். தண்ணிக்குள்ள விழுந்து ஒரேயடியா ஆறினால் மணியே இராது, கண்ணாடிதான்."

"சீனிப்பாகு மாதிரி" என்றார் நானா. "ஆற விட்டா கற்கண்டு. அவசரப்பட்டா ரொபி."

"ஓம். நானா வந்து எங்களுக்குப் படிப்பிக்கலாம்" என்று மிஸ் சிரித்தா. "கடைசியா நிறம். வெளிறின மணி கூடவோ, கறுத்த மணி கூடவோ எண்டு பார்ப்பம். இது பெரிய மணி, வெளிறினது. கிறனைற்."

அதுவும் இப்போதைக்கு வைத்த பெயர்தானாம். துண்டைக் கொண்டுபோய்க் கடுதாசியை விட மெல்லிதாக, வெளிச்சம் ஊடாகத் தெரியும்வரை தேய்த்து, பெருப்பிக்கிற கண்ணாடிக்குக் கீழ் வைத்து மணிகளை எண்ணுவார்களாம். கண்ணாடி போன்ற மணி எத்தனை பங்கு, இளஞ்சிவப்பு எத்தனை பங்கு, வெள்ளை எத்தனை பங்கு என்று கண்டபிறகுதான் கல்லுக்குச் சரியான பெயர் வைப்பார்களாம்.

என் மனைவி வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பாதிதான் கேட்டேன். என் கண் சிவப்பிலேயே நின்றது.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் மனைவி பழத்துக்குப் போனாள். அவள் போனாள் என்பது இல்லை, போன விதம்தான் எனக்குப் பயம். பாதையோரச் சிவப்பைக் காலால் தட்டிவிட்டுப் போனாள். "எங்க பாத்தாலும் மிஸ்ஸின்ர சிவப்புத்தான்" என்றாள். பக்கத்து வளவுக்காரியிடமும் சொன்னாள். அன்று பின்னேரம் அந்த வீட்டுப் பிள்ளைகள் சிவப்புக் கல்லின் மேல் ஏறிக் குதித்து விளையாடுவதைப் பார்த்தேன்.

இத்தனை வருடமாக எங்கள் ஊர்ப் பிள்ளைகளைக் காப்பாற்றி வைத்தது அந்த ஒரு நிறத்தின் பயம்தான். இப்போது அது விளையாட்டாகிவிட்டது. நாளைக்கு வேறோர் இடத்தில் உண்மையான சிவப்பைக் கண்டாலும் அவர்கள் ஏறிக் குதிப்பார்கள்.

மிஸ்ஸிடம் சொல்லவேண்டும். அதை நினைத்ததும் வேறொரு பயம் வந்தது. படித்த பிள்ளைக்கு நான் என்ன சொல்வது? சொல்ல வேண்டியதைச் சைக்கிளில் போகும்போது மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். குளக்கட்டில் வான் நின்றது. கிட்டப் போனதும் எல்லாம் மறந்துபோய் சைக்கிள் மணியை அடித்தேன்.

"என்ன அண்ணா?"

"நிறம்" என்றேன். பிறகு மணியைத் திரும்பவும் அடித்தேன்.

மிஸ் காத்துக்கொண்டு நின்றா. நானாதான், "ஆறுதலாச் சொல்லுங்க தம்பி. கிறனைற் மாதிரி" என்றார். அந்தப் பகிடியில் எனக்கு வாய் திறந்தது.

"சிவப்புக்கு ஆக்கள் இப்ப பயப்பிடுகினமில்லை மிஸ். பிள்ளையள் அதில ஏறி நிக்குதுகள். வேற நிறம் பூசுங்கோ. இதை அழிச்சு விடுங்கோ."

மிஸ் கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைத்தா. "பச்சைக் காட்டில நல்லாத் தெரியுமெண்டுதான் சிவப்பை எடுத்தனான்" என்று மெல்லச் சொன்னா. "நான் இதை யோசிக்கவே இல்லை." நானா தாடியைத் தடவிக்கொண்டு, "நான் யோசிச்சிருக்கணும். நானும் இந்த மண்ணை விட்டு ஓடிப்போய்த் திரும்பி வந்தவன்தானே" என்றார்.

மறுநாள் விடியவே அழிக்கத் தொடங்கினோம். கம்பி பிரஷ், தின்னர், பழந்துணி. பழைய நம்பரை அழித்துவிட்டு மிஸ் நீல நிறத்தில் எழுதினா. நானும் வருகிறேன் என்று வாய் சொல்லிவிட்டது. பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்கியபோதுதான் சொன்னதன் பாரம் தெரிந்தது. நானாவுக்குப் பின்னால் போனேன். அவர் கால் எடுத்த இடத்தில் என் கால். அவருடைய கால் நீளம், நான் தாண்டித் தாண்டி நடந்தேன்.

"பின்னால என்ன கங்காருவா வருது?" என்றார்.

ஒவ்வொரு கல்லாக அழித்தோம். மிஸ் ஒவ்வொன்றின் பெயரையும் சொன்னா. பாறையைத் தாண்டியதும் கறுப்புக் கல் வரிசை ஒன்று வந்தது. வெளிறிய பாறையிலிருந்து காட்டுக்குள் தார் றோட்டுப் போட்டதுபோல் நேராக ஓடியது. கையில் எடுத்தால் பாரம். மணி கண்ணுக்குத் தெரியவில்லை. "இது டொலரைற்" என்றா மிஸ். "வெளிறின பாறை ஆறி, இறுகி, வெடிச்ச பிறகு, அந்த வெடிப்புக்குள்ளால கீழயிருந்து ஏறி வந்தது. ஒடுங்கின வெடிப்பு, ரெண்டு பக்கமும் குளிர்ந்த கல். அதுதான் கெதியா ஆறிட்டுது. இதுவும் தீயில பிறந்ததுதான். ஆனால் வேற சாதி."

எனக்கு விளங்கியது. உடைத்த முகத்தில் மணியைத் தேடவும் வெளிறலையும் கறுப்பையும் பிரிக்கவும் கண் தானாகவே பழகியது. இரண்டு மூன்று கற்களை மிஸ் கேட்க முதலே சொன்னேன். ஒன்று சரி. மற்றவை பிழை, வரி வரியாய்ப் படுத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. பிழையானாலும் எனக்குச் சந்தோசமாக இருந்தது. எப்போது என்று தெரியாது, நானாவின் அடியைப் பார்க்காமலே நடக்கத் தொடங்கியிருந்தேன்.

கறுப்புக் கல் வரிசையின் அந்தப் பக்கத்தில் தடித்த பாலை மரம் ஒன்று. அதன் வேரடியில் ஒரு கல், அதில் சிவப்பு. நான்தான் முதலில் கண்டேன். பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். குந்தப் போனேன்.

"அண்ணா" என்றா மிஸ். அந்தக் குரலில் ஏதோ இருந்தது. "நில்லுங்கோ. நாங்கள் கறுப்புக் கல்லுக்கு அங்கால வரவே இல்லை."

நானா ரின்னைப் பிடித்தபடி நின்றார். "இதில நம்பர் இல்ல" என்றார்.

நம்பர் இல்லை. சிவப்பு மினுங்கவும் இல்லை. வெயிலில் வெளுத்து, உரிந்து, ஓரத்தில் பாசி ஏறியிருந்தது. வேர் வளர்ந்து கல்லைப் பாதி மூடியிருந்தது. பொறுக்கிக்கொண்டு போனவர்கள் அந்த வேர் மறைவில் இதைக் காணாமல் விட்டிருக்க வேண்டும்.

நான் கீழே பார்த்தேன். சிவப்புக்கு அந்தப் பக்கம், மர நிழலில், பாலைப்பழ விதைகள் துப்பிக் கிடந்தன. ஈரம் காயாத விதைகள். பக்கத்தில் ஒருவர் குந்தி இருந்த இடத்தில் சருகு நசிந்திருந்தது. ஈர மண்ணில் றப்பர் செருப்பின் அடி, குதியில் தேய்ந்துபோன அடி. அந்தக் குதி எனக்குத் தெரியும். புதுச் செருப்பு வாங்கு என்று நான் சொல்லிக்கொண்டிருந்த குதி.

அப்போது எனக்கு வந்ததற்குப் பயம் என்று பெயர் வைக்கலாமா தெரியவில்லை. காது அடைத்து, காட்டில் ஒரு குருவியின் சத்தமும் கேட்கவில்லை. "வந்த அடியில வாங்க தம்பி" என்று நானா சொன்னது எங்கோ தூரத்தில் கேட்டது. வந்த அடியைத் தேடினேன். சருகுக்குள் அது எனக்குத் தெரியவில்லை. கடைசியில் பின்னால் கறுப்புக் கல் தெரிந்தது. மண் போல இல்லை, கல்லுக்குள் யாரும் எதையும் புதைக்கமுடியாது. அதன் மேல் காலை எட்டி வைத்தேன். மூன்று பேரும் அந்தக் கறுப்புக் கல் வரிசையின் மேலேயே நடந்து வெளிறிய பாறைக்கு வந்து சேர்ந்தோம். பாறைக்கு வந்ததும் மிஸ் குந்தி இருந்து, குடித்த தேத்தண்ணி எல்லாம் வெளியே வர, சத்தி எடுத்தா.

மிதிவெடி எடுக்கிறவர்கள் வந்தார்கள். நடந்ததை என் மனைவி சொன்னாள். தான் அந்த மரத்தடியில் பழம் தின்றுகொண்டிருந்ததையும் சொன்னாள். அது மிஸ்ஸின் சிவப்பு என்று நினைத்ததாகச் சொன்னாள். சொல்லும்போது அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. அவர்கள் தேடினார்கள். வேருக்கு அந்தப் பக்கம் ஒன்று இருந்தது. எங்களை எல்லாம் றோட்டுக்கு அனுப்பிவிட்டு ஒரு மத்தியானத்தில் அதை வெடிக்க வைத்தார்கள். சத்தம் கேட்டபோது என் மனைவி என் சேட்டின் கையைப் பிடித்தாள். சத்தம் ஓய்ந்து, ஆட்கள் கலைந்து, வீட்டுக்கு வரும்வரை விடவில்லை.

மிஸ் போகும்போது ஒரு கிறனைற் துண்டும் ஒரு டொலரைற் துண்டும் தந்துவிட்டுப் போனா. இரண்டும் குசினி யன்னலில் இருக்கின்றன. காட்டில் இப்போது நீல நிற நம்பர்கள்தான். பிள்ளைகள் அவற்றின் மேல் ஏறிக் குதிக்கிறார்கள், குதிக்கட்டும்.

என் மனைவி என்னைப் பகிடி பண்ணுவதை விட்டுவிட்டாள். தனியே காட்டுக்குப் போவதையும் விட்டுவிட்டாள். ஆனால் விறகில்லாமல் அடுப்பு எரியாது. நேற்று இருவருமாகப் போனோம். மழையில் பாதை புல் மூடிக் கிடந்தது. வேலியைத் தாண்டியதும் அவள் நின்றாள்.

"நீங்கள் முன்னுக்குப் போங்கோ" என்றாள்.

இவ்வளவு காலமும் யாருக்கோ பின்னால் நடந்தவன் நான். முன்னால் நடக்கிறவனுக்குக் கால் வைக்க ஒருவருடைய அடியும் இல்லை. புல்லைப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றேன். பிறகு காலைத் தூக்கி வைத்தேன். என் அடியில் அவள் கால் வைக்கிற சத்தம் பின்னால் கேட்டது. அவளுக்கு எட்டும்படி என் அடியைச் சின்னதாக்கிக்கொண்டேன். பாறை வரும்வரை நான் மூச்சு விட்டேனா என்பது ஞாபகமில்லை.

மார்கழி மாதம், பதினாறாந் திகதி, செவ்வாய்க்கிழமை.